பறக்கிறதே என்று மொட்டைமாடியில் விட்டுவிடாதீர்கள்

சேலத்தில் கால்நடை மருத்துவராக இருக்கும் எனக்கு நாய், பூனை, ஆடு, மாடு தவிர அட்டைப்பெட்டிகளும் வரும். உள்ளே என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பருந்துங்க டாக்டர்." திறந்து பார்த்தால் கரும்பருந்து இருக்கும், வைரி இருக்கும், சில சமயம் கூகை இருக்கும். எப்போதாவது ஒரு பொரி வல்லூறு (Peregrine Falcon) இருக்கும். கன்னத்தில் மீசையாக இறங்கும் கறுப்புப் பட்டை, பெரிய கரிய கண், அதைச் சுற்றி மஞ்சள் வளையம், மடக்கினால் வால் நுனியை எட்டும் கூரிய இறக்கை. ஒருமுறை பார்த்தவர்கள் வேறு பறவையோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

இந்தப் பறவையைப் பற்றி எழுதக் காரணம், அதைக் காப்பாற்ற நினைப்பவர்களே நல்ல மனதோடு செய்யும் ஒரு காரியம். அடிபட்டுக் கிடப்பதை எடுத்து வந்து, சில நாள் வீட்டில் வைத்து, கோழிக்கறி கொடுக்கிறார்கள். அது இறக்கையை அடிக்க ஆரம்பித்ததும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். நாலு வீடு தாண்டிப் போய்விட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். "பறந்துருச்சுங்க டாக்டர், வீடியோ அனுப்பறேன் பாருங்க" என்று போன் வரும். குப்பையில் கிடப்பதையும் தின்று பிழைக்கும் காகத்துக்கு அந்த அளவு பறந்தால் சில நேரம் போதும். பொரி வல்லூறுக்குப் போதாது. அது எப்படிச் சாப்பாடு தேடுகிறது என்று தெரிந்தால் ஏன் என்று புரிந்துவிடும்.

நம் பக்கத்தில் இந்தப் பறவை இரண்டு விதமாகத் தென்படும். ஒன்று, வட துருவத்தை ஒட்டிய சைபீரியப் பகுதிகளிலிருந்து குளிர்காலத்துக்கு வந்து போகும் விருந்தாளி. ஏறக்குறைய அக்டோபரில் வந்து ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். செல்போன் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, ஏரியை ஒட்டிய உயரமான மின்கம்பம் என்று எங்கே நாலாபக்கமும் தெரியுமோ அங்கே உட்காரும். இன்னொன்று இங்கேயே இருக்கும் இனம். ஷாஹீன் என்பார்கள். அளவில் கொஞ்சம் சிறியது, தலையும் முதுகும் இன்னும் கறுப்பு, வயிற்றுப் பக்கம் செம்பழுப்பு. செங்குத்தான பாறை இருக்கும் மலைகள்தான் அதற்கு வீடு. சேர்வராயன் மலையின் பாறைச் சரிவுகள் அதற்குத் தோதான இடம். ஏற்காட்டில் பகோடா பாயிண்ட்டிலோ லேடீஸ் சீட்டிலோ நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பவர்கள் கொஞ்சம் தலையைத் தூக்கி வானத்தையும் பார்க்கலாம். உழவாரக் குருவிகள் திடீரென்று சிதறினால் காரணம் மேலே இருக்கலாம்.

வேட்டை அங்கே மேலிருந்துதான் தொடங்கும். சமதளத்தில் பறக்கும்போது இது அப்படியொன்றும் அசாத்திய வேகக்காரர் இல்லை. நல்ல பந்தயப் புறா நேராகப் பறந்தால் விரட்டிப் பிடிப்பது சிரமம். அதனால் வல்லூறு உயரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. வட்டமிட்டு மேலே போய், கீழே போகும் பறவையைக் குறித்துக்கொண்டு, இறக்கையை உடம்போடு ஒட்டித் தலைகீழாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அமெரிக்காவில் பழக்கப்பட்ட ஒரு பெண் வல்லூறை விமானத்தோடு கூட்டிப்போய்ப் பாய வைத்து அளந்தபோது 389 கிலோமீட்டர் வந்தது. உலகத்தில் இதைவிட வேகமாகப் போகும் விலங்கு எதுவும் அளக்கப்படவில்லை. பாய்ந்து வந்து காலால் அடிக்கும். புறா இறகு பறக்க நிலை குலைந்து விழும்போதே திரும்பி வந்து பற்றிக்கொள்ளும். மேல் அலகின் ஓரத்தில் பல் போல ஒரு முனை உண்டு. அதை வைத்துக் கழுத்தெலும்பை நறுக்கென்று துண்டிக்கும்.

இவ்வளவு வேகம் எதற்கு? சீக்கிரம் போய்ச் சேர என்றுதான் யாருக்கும் தோன்றும். 2018இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தினரும் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர்களும் கணினியில் இந்த வேட்டையைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்து வெளியிட்ட ஆய்வு வேறொரு விஷயத்தையும் சொல்கிறது. ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டியவர்களுக்குத் தெரியும்: பஸ் ஊர்ந்து போகும்போது கையைச் சாய்த்தாலும் ஒன்றுமில்லை, வேகமெடுத்த பிறகு லேசாகச் சாய்த்தாலே காற்று கையைத் தூக்கி எறியும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்கு. வல்லூறுக்கும் அப்படித்தான். வேகமாக வருவதால்தான் இறக்கையைச் சிறிது விரித்தே சட்டென்று திரும்ப முடிகிறது. புறா கடைசி நொடியில் வெட்டித் திரும்பினால் கூடவே திரும்புவதற்கு அந்த விசை வேண்டும். கூடவே இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது. இவ்வளவு வேகத்தில் வருபவர் கணிப்பில் சின்னப் பிசகு செய்தாலும் பிடி தவறிவிடும். வேகம் உதவ வேண்டுமானால் பார்வையும் இறக்கையும் மிகத் துல்லியமாக இருந்தாக வேண்டும். என் மருத்துவ வேலைக்கு இந்த ஒரு வரிதான் முக்கியம்.

பார்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கண்ணில் கூர்மையாகப் பார்க்கும் குழி ஒன்றுதான். இதற்கு ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு. அதிலும் ஆழமான குழி பக்கவாட்டில் பார்க்கிறது. தூரத்துப் புறாவைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் தலையை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். பாயும்போது தலையைத் திருப்பினால் காற்று இழுத்து வேகம் குறைந்துவிடும். அதனால் தலையை நேராக வைத்துக்கொண்டு, பாதையையே வளைத்து, சுருளாக இறங்குகிறது என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் வான்ஸ் டக்கர் 2000இல் விளக்கினார். கண்ணின் வேகமும் சாதாரணமில்லை. மனிதக் கண் நொடிக்கு 50, 60 முறைக்கு மேல் மினுக்கும் விளக்கைத் தொடர்ந்து எரிவதாகத்தான் பார்க்கும். பொரி வல்லூறு 129 முறை வரை மினுக்கலைப் பிரித்துப் பார்க்கிறது என்று 2019இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் கண்டார்கள்.

இத்தனை இருந்தும், நல்ல உடம்போடு இருக்கும் பறவையே பாயும்போதெல்லாம் பிடிப்பதில்லை. தவறவிடுவதே அதிகம். முதல் ஆண்டைத் தாண்டாமல் போகும் இளம் பறவைகள் ஏராளம். அப்படியிருக்க, இறக்கை ஒரு விரற்கடை குறைவாக விரியும் பறவையின் கதி என்ன? அது பறக்கும். நாலு வீடு தாண்டிப் போகும். அப்புறம் ஒவ்வொரு பாய்ச்சலிலும் புறா தப்பித்துக்கொண்டே இருக்கும். சில நாளில் பட்டினியில் ஒடுங்கி எங்கேயோ விழும். அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

என் மேஜைக்கு வரும் காயங்களில் என்னை அதிகம் கலங்க வைப்பது மாஞ்சா நூல். தோளிலிருந்து மணிக்கட்டு வரை இறக்கையின் முன்பக்கம் ஒரு மெல்லிய தோல் விரிந்திருக்கும். அதன் ஓரத்தில் ஒரு தசைநாண் ஓடுகிறது. இறக்கையின் முன்விளிம்பை விறைப்பாக வைப்பது அதுதான். நூல் சரியாக அங்கேதான் அறுக்கும். வெளியே பார்த்தால் சின்னக் கீறலாக இருக்கும். காய்ந்து சுருங்கிவிட்டால் அந்த இறக்கை முழுசாக விரியாது. முதல் நாளே வந்தால் ஈரப்பதம் காத்துத் தைத்துக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. நாலாம் நாள் வந்தால் பெரும்பாலும் என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017லேயே நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. ஆனாலும் மரக்கிளைகளிலும் ஒயர்களிலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் மாடிக்கு எட்டும் தூரத்தில் தொங்குவதை இன்றே வெட்டி எடுத்துப் போடுங்கள்.

அடுத்தது கண்ணாடி. கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடங்கள் ஊருக்குள் கூடிக்கொண்டே போகின்றன. மோதிய பறவை சற்று நேரத்தில் எழுந்து உட்காரும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் கண்ணுக்குள் பின்பக்கம் ரத்தம் கசிந்திருக்கலாம். கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தோளெலும்புக் கூட்டில் விரிசல் இருக்கலாம். எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. மொட்டைமாடியில் விடப்படும் பறவைகளில் இந்த இரண்டும்தான் யார் கண்ணிலும் படாமல் போகிறவை.

வாய்க்குள் மஞ்சளாகக் கட்டி படிந்து வரும் பறவைகளும் உண்டு. புறாக்களிடம் சாதாரணமாக இருக்கும் ஓர் ஒட்டுண்ணி, அவற்றைத் தின்னும் வல்லூறுக்குத் தொற்றி, தொண்டையை அடைத்துவிடுகிறது. சீக்கிரம் பார்த்தால் மருந்தில் சரியாகிவிடும். கால்விரல்களை இறுக மூடிக்கொண்டு, நிற்க முடியாமல், எச்சில் வடிய வந்தால் நான் முதலில் விஷத்தைச் சந்தேகிப்பேன். பூச்சிக்கொல்லி கலந்த தானியத்தைத் தின்ற புறாவை அது தின்றிருக்கலாம். இந்தப் பறவையின் வரலாற்றிலேயே பெரிய அடி பூச்சிக்கொல்லிதான். டிடிடி உடம்பில் சேர்ந்து முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே முட்டைகள் உடைந்தன. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் 1967இல் இதை அளந்து காட்டினார். அமெரிக்கா 1972இல் டிடிடியைத் தடை செய்தது, கூண்டில் வளர்த்த குஞ்சுகளை விட்டு மீட்டெடுத்து, 1999இல் தன் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. இந்தியாவில் விவசாயத்துக்கு டிடிடி 1989இல் தடையானது.

சரி, அடிபட்ட பறவை கையில் கிடைத்தால் என்ன செய்வது? முதலில் ஒரு துணியைத் தலையோடு சேர்த்து மேலே போடுங்கள். கண் மறைந்தால் அமைதியாகிவிடும். அலகைவிடக் கால் நகங்கள்தான் ஆபத்து, கால்களைக் கவனித்துப் பிடியுங்கள். நெஞ்சை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். பறவைகளுக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் இறுக்கிப் பிடித்த கையிலேயே உயிர் போவதுண்டு. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் பழைய துண்டு விரித்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். கம்பிக்கூண்டு வேண்டவே வேண்டாம். கம்பியில் அடித்து அடித்து இறகை உடைத்துக்கொள்ளும். உடைந்த பெரிய இறகு அடுத்த முறை இறகு உதிர்த்து முளைக்கும் வரை அப்படியேதான் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறைதான் உதிர்க்கும். மூங்கில் குச்சியைச் செதுக்கி உள்ளே செருகி வேறு இறகை ஒட்டும் முறை உண்டு, ஆனால் தேவையில்லாமல் அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டாமே.

தண்ணீரை அலகில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, நேராக உள்ளே போய்விடும். பால், சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். கறியும் அவசரமில்லை. பட்டினியில் வற்றிய பறவைக்கு எடுத்தவுடன் கறி கொடுத்தால் செரிக்காமல் அதுவே ஆபத்தாகும். நூல் சுற்றியிருந்தால் இழுக்காமல், இருபுறமும் கொஞ்சம் நீளம் விட்டு வெட்டி, அப்படியே கொண்டு வாருங்கள்.

எங்கே கொடுப்பது? அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஏற்காட்டில் இருந்தால் அங்கேயே வனத்துறையினர் இருக்கிறார்கள். பொரி வல்லூறு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். அதற்காகத் தொடவே பயப்பட வேண்டாம். கையில் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். தெரிவித்துவிட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்பவரை யாரும் குற்றவாளியாகப் பார்க்கப் போவதில்லை.

புறா வளர்க்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆசையாக வளர்த்த ஜோடியில் ஒன்றை வல்லூறு அடித்துவிட்டால் எவ்வளவு வலிக்கும் என்று தெரியும், அந்தப் புறாக்களுக்கும் நான்தான் மருந்து கொடுக்கிறேன். அதற்காகக் கண்ணி வைப்பதும் விஷம் தடவிய புறாவை விடுவதும் வேண்டாம். தினமும் ஒரே நேரத்துக்குப் பறக்க விட்டால் அது கற்றுக்கொண்டு அதே நேரத்துக்கு வந்துவிடும். குளிர்கால மாதங்களில் நேரத்தை மாற்றி மாற்றி விடுங்கள். வானத்தில் அது சுற்றுவது தெரிந்தால் சில நாள் கூண்டிலேயே வைத்திருங்கள். இரை கிடைக்காத இடத்தில் அது வெகுநாள் காத்திருக்காது. கோழிக்குஞ்சைத் தூக்கிப் போன பழியையும் இதன் மேல் போடாதீர்கள். தரையில் ஓடுவதை இது தேடுவது அபூர்வம், பறப்பதைத்தான் அடிக்கும்.

பறவையை எடுத்த இடத்தையும் நேரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். எந்த வளைவு, எந்த எஸ்டேட், எந்தத் தெரு என்று தெளிவாக இருக்கட்டும். ஷாஹீன் ஜோடி ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கூடு வைக்கும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை முட்டையோ குஞ்சோ இருக்கலாம், ஜோடியில் மற்றது தனியாகத் திண்டாடிக்கொண்டிருக்கலாம். குணமான பறவையை அதே பாறைக்குப் பக்கத்தில் விட வேண்டுமானால் எங்களுக்கு அந்தச் சீட்டு வேண்டும்.