அரசியல் விமர்சகருக்கு உள்ள இருந்து தகவல் எல்லாம் வராதுங்க

திரும்பவும் ஒருத்தர் போன் பண்ணிட்டார். தூரத்துச் சொந்தம், ரிட்டயர்டு வாத்தியார். "தம்பி நீ டிவி டிபேட்லதானே வேல பாக்குற, கூட்டணி உடையுதுன்னு அந்த விமர்சகர் அடிச்சு சொல்றாரே, அவருக்கு உள்ள இருந்து தகவல் வருதாமே?" எத்தன பேருக்குத்தான் போன்லயே பதில் சொல்றது, முடியல, எழுதியே போட்டுடுறேன்.

சேனலுக்கு டிஆர்பி எதுக்கு, யூடியூப்காரருக்கு வியூஸ் எதுக்குன்னு நான் விளக்கப் போறதில்ல, உங்களுக்கே தெரியும். இந்த "உள்ள இருந்து தகவல்" நம்பிக்கைதான் கடுப்பாகுது. விமர்சகர் மேக்கப் ரூம்ல உக்காந்துக்கிட்டு எங்க ரிப்போர்ட்டருக்கே போன் போட்டு "என்னப்பா அங்க நடக்குது"ன்னு கேப்பார், அரை மணி நேரத்துல லைவ்ல அதையே "நம்பத்தகுந்த வட்டாரத்துல இருந்து எனக்கு வந்த தகவல்"னு சொல்லுவார். நெஜமாவே ஒரு கட்சிக்காரர் அவர்கிட்ட ஏதாவது சொல்லியிருந்தாலும், அது வெளிய வரணும்னுதான் சொல்லியிருப்பார். ஆழம் பாக்குறாங்கன்னு அர்த்தம். ரகசியத்த யாராவது டிவில பேசுறவர்கிட்ட போய் சொல்லுவாங்களா?

அப்புறம் பேருக்குக் கீழ ஒரு பட்டை வருமே, நாங்க ஆஸ்டன்னு சொல்லுவோம், அதுல "அரசியல் விமர்சகர்"னு போடவா "மூத்த பத்திரிகையாளர்"னு போடவான்னு பெரும்பாலும் அவரையேதான் கேப்போம். அதுக்கு பரீட்சையும் கிடையாது லைசென்ஸும் கிடையாது. எட்டு மணி லைவுக்கு சாயங்காலம் ஆள் தேடுறப்ப யார் போன எடுக்குறாங்களோ, யார் சத்தமா பேசுவாங்களோ அவங்கதான் நிபுணர்.

சொன்னது நடந்துச்சான்னு யாரும் கணக்கு வெச்சுக்கறதில்ல. 2016 சட்டமன்றத் தேர்தல்ல மக்கள் நலக் கூட்டணியும் விஜயகாந்தும் சேந்தப்ப ஆட்டமே மாறப் போகுதுன்னு எவ்ளோ பேச்சு. ஒரு சீட்டு கூட வரல, உளுந்தூர்பேட்டைல விஜயகாந்துக்கே டெபாசிட் போச்சு. பெரும்பாலான எக்ஸிட் போல் திமுகன்னு சொல்லுச்சு, வந்தது அதிமுக. 2024 மக்களவைத் தேர்தல்ல பாஜக கூட்டணிக்கு 400 சீட்டு, 400 சீட்டுன்னு டெல்லி ஸ்டுடியோக்கள்ல பேசுனாங்க, அது 293ல நின்னுச்சு, ரிசல்ட் அன்னிக்கு பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் 4,000 புள்ளிக்கு மேல சரிஞ்சு பேச்ச நம்பி பணம் போட்டவங்க மாட்டுனாங்க. பேசுனவங்க அடுத்த நாளும் பேனல்ல இருந்தாங்க, "நான் அப்பவே சொன்னேனே"ன்னு.

உங்களுக்குப் புடிச்ச விமர்சகர் சேனலுக்குப் போங்க, ரெண்டு வருஷம் பழைய வீடியோவோட தலைப்ப மட்டும் வரிசையா படிங்க, எத்தன "இன்று இரவு அதிரடி" நடந்துச்சுன்னு எண்ணுங்க. முழு வீடியோ பாக்காம நாப்பது செகண்ட் துண்ட ஃபேமிலி குரூப்ல போடாதீங்க. மச்சானோட சண்டை போட்டு பேச்ச நிறுத்துற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல சாமி, ஸ்டுடியோல அடிச்சுக்கிட்ட ரெண்டு பேரும் பிரேக்ல ஒண்ணா டீ குடிக்கிறத தினமும் பாக்குறேன்.

வீட்ல அப்பா மாமா யாராவது நாள் முழுக்க இதையே பாத்துட்டு டென்ஷன் ஆகுறாங்கன்னா, திட்டாதீங்க. யூடியூப்ல ஆட்டோப்ளேய மட்டும் ஆஃப் பண்ணிக் குடுங்க, வீடியோ மேலயே பட்டன் இருக்கு.