கயிறு மலிவு என்று நினைக்கிறவர்களுக்கு

சென்ற மாதம் ஒரு வளைகாப்புப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். நான் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவள் என்று தெரிந்ததும் பக்கத்து இலைப் பெரியவர் கேட்டார்: “ஏம்மா, கொலைகாரனுக்குக் காலமெல்லாம் நம் வரிப்பணத்தில் சோறு போட வேண்டுமா? நாலு முழக் கயிற்றில் முடிகிற காரியம்தானே?”

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் கொடியவர்கள் இல்லை. செய்தியைப் படித்து வயிறெரிந்து போனவர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கயிற்றுக் கணக்கு. செஷன்ஸ் நீதிபதி தூக்கு என்று எழுதிவிட்டால் எதுவும் முடிந்துவிடாது. உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அந்தத் தண்டனை செல்லாது. குற்றவாளி மேல்முறையீடே செய்யாவிட்டாலும் கோப்பு தானாக வந்து சேரும். இரண்டு நீதிபதிகள் சாட்சியங்களை முதலிலிருந்து அலச வேண்டும். அதன் பின் உச்ச நீதிமன்றம். அங்கே மூன்று நீதிபதிகள் அமர்வு, தமிழில் உள்ள வாக்குமூலங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். பிறகு சீராய்வு மனு. இதையும் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014இல் தீர்ப்பாகிவிட்டது. பிறகு மறுசீராய்வு மனு, ஆளுநரிடம் கருணை மனு, குடியரசுத் தலைவரிடம் கருணை மனு. அது கிடப்பில் போனால் அதற்கென்று இன்னொரு வழக்கு. தூக்குக் கைதிகளில் பெரும்பாலோர் ஏழைகள் என்பதால், அரசு வழக்கறிஞரின் கட்டணத்தோடு பல வழக்குகளில் எதிர்த்தரப்பு இலவச சட்ட உதவி வழக்கறிஞரின் கட்டணமும் அரசுப் பணம்தான்.

சிறைக்குள் என்ன நடக்கிறது? தூக்குக் கைதியைத் தனி அறையில் வைத்து, இரவும் பகலும் காவலர் பார்வையில் இருத்தச் சொல்கிறது 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம். எல்லா வழிகளும் அடைபடும் வரை தனிமைச் சிறை கூடாது என்று சுனில் பத்ரா வழக்கில் 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் நான் போய்ப் பார்த்த இடத்தில் தனிக் கொட்டடி இருந்தது. கம்பிக்கு வெளியே ஒரு முக்காலி, அதில் ஒரு காவலர், அவர் மடியில் ஒரு நோட்டு. கைதி தூங்கினார், சாப்பிட்டார், உலாத்தினார் என்று மணிக்கு மணி எழுதிக்கொண்டிருந்தார். நான் சட்ட உதவி வழக்கறிஞராகப் போயிருந்தேன். மேல்முறையீட்டைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அம்மா, எனக்கு ஏதாவது வேலை கொடுக்கச் சொல்லுங்கள். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது” என்றார்.

அவருக்கு வேலை கிடையாது. ஆயுள் கைதிக்கு உண்டு. வேலூர் சிறையில் காலணி தைக்கிறார்கள், கோவையில் துணி நெய்கிறார்கள், பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள். அந்தக் கூலியிலிருந்து சாப்பாட்டுக்கும் உடைக்கும் பிடித்தம் உண்டு. பாதிக்கப்பட்டவர்களுக்கென்றும் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. பந்தியில் அந்தப் பெரியவரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்: சும்மா உட்கார வைத்துச் சோறு போடுவது நாம் தூக்குக்கு அனுப்பியவருக்குத்தான்.

நம் ஊர் வழக்கையே பாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. நளினிக்கு 2000இல் ஆயுளாகக் குறைந்தது. மற்ற மூவரின் கருணை மனு 11 ஆண்டுகள் முடிவில்லாமல் கிடந்தது. அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டி 2014இல் அவர்களுக்கும் ஆயுளாகக் குறைத்தார்கள்; 2022இல் விடுதலை. தூக்குக்கான செலவு முழுவதையும் செய்துவிட்டு, ஆயுளுக்கான செலவையும் செய்திருக்கிறோம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இதை உட்கார்ந்து கணக்கே போட்டுவிட்டார்கள். 1978 முதல் சுமார் 400 கோடி டாலர் மரண தண்டனை ஏற்பாட்டுக்குப் போயிருக்கிறது என்று 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. அவ்வளவு காலத்தில் நிறைவேறியவை 13. அங்கே வழக்கறிஞர் கட்டணம் மிக அதிகம், அதனால் அந்தத் தொகையை இங்கே அப்படியே பொருத்த முடியாது. கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும் மாறாது.

“ஆயுள் என்றால் 14 வருடத்தில் வெளியே வந்துவிடுவானே” என்பது அடுத்த கேள்வி. தவறு. ஆயுள் என்றால் சாகும் வரை என்று 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தூக்கும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு முடியும் முன் விடுவிக்க முடியாது என்பதுதான் சட்டம். முடிந்த அன்று கதவைத் திற என்பது அல்ல. தண்டனைக் குறைப்பே இல்லாமல் இறுதி மூச்சு வரை உள்ளே வைக்கவும் 2008 முதல் வழி இருக்கிறது.

சோற்றுக் கணக்குதான் உறுத்துகிறது என்றால் ஒன்று சொல்லுகிறேன். 2022 நிலவரப்படி இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்களா என்றே இன்னும் தீர்ப்பாகாதவர்கள். ஜாமீன் கிடைத்தும் உத்தரவாதம் கொடுக்க ஆளில்லாமல் கிடக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வரிப்பணம் கரையும் இடம் அது.

உண்மையில், தூக்கு மலிவாகவே இருந்தாலும் நான் எதிர்ப்பேன். மகாராஷ்டிராவில் 2003இல் நடந்த ஒரு கொலை வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009இல் உச்ச நீதிமன்றமே தூக்கு விதித்தது. 2019இல் அதே நீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்தது. கண்ணால் கண்ட சாட்சி முதலில் காவல்துறைப் புகைப்படங்களில் அடையாளம் காட்டியது வேறு நால்வரை. அவர்களை யாரும் விசாரிக்கவே இல்லை. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். 2009இல் கயிறு வேகமாக வேலை செய்திருந்தால் அந்தப் பணத்தை யார் கையில் கொடுப்பது?

மகளைக் கொலையில் இழந்த ஒரு தாய்க்காகவும் ஒரு வழக்கில் நின்றிருக்கிறேன். பத்திரிகை நறுக்குகளை எல்லாம் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பஸ் மாறி வருவார். உயர் நீதிமன்றம் தூக்கை உறுதி செய்த அன்று, “இத்தோடு முடிந்ததா அம்மா?” என்று கேட்டார். மீதி இருக்கிற படிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று அத்தனை ஆண்டுகளில் ஒருவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த மனுவை அன்றைக்கே உட்கார்ந்து எழுதினோம்.