சூடோயர்ஸ் கோப்புக்கு 777 கொடுக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது கருவி. மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய எங்கள் கடைக்குக் குலசேகரத்திலிருந்து ஒரு பொறியியல் மாணவர் தம் ஸ்டீம் டெக்கைக் கொண்டுவந்தார். லினக்ஸில் ஓடும் கைவிளையாட்டுக் கருவி அது. வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது கொடுத்தது. விளையாட்டுகள் குறையின்றி ஓடின. மற்றக் கட்டளைகளை நிர்வாகி உரிமையோடு இயக்கித் தரும் சூடோ கட்டளை மட்டும் எதற்கும் இணங்கவில்லை. “நான் ஒண்ணும் செய்யல்ல அண்ணா, பெர்மிஷன் மட்டும்தான் குடுத்தேன்” என்றார். நோயே அந்தப் பெர்மிஷன்தான்.

சூடோயர்ஸ் கோப்பைத் திருத்தியிருக்கிறார், சேமிக்க முடியவில்லை, யாரோ சொன்னதைக் கேட்டு அதற்கு 777, அதாவது எவரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதியைக் கொடுத்துவிட்டார். சேமிக்க விடாத கோப்பு பழுதான கோப்பு என்ற இந்த எண்ணத்தோடுதான் நான் அன்றாடம் மல்லுக்கட்டுகிறேன். எந்தப் பயனர் எந்தக் கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கலாம் என்பதை முடிவுசெய்யும் கோப்பு அது. அதனால்தான் அதன் உரிமை ‘ரூட்’ என்ற தலைமை நிர்வாகிக் கணக்கிடமும், அனுமதி 0440 என்ற படிக்க மட்டுமான நிலையிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றாக்கினால், நீங்கள் இறக்கிய எந்தச் சில்லறை நிரலும் தனக்குத் தானே முழு அதிகாரம் எழுதிக்கொள்ளலாம். இதை அறிந்த சூடோ, உள்ளிருக்கும் வரிகள் எழுத்துப் பிசகாமல் இருந்தாலும், அந்தக் கோப்பை நம்ப மறுத்து நின்றுவிடுகிறது. அனுமதியைப் பழைய நிலைக்குத் திருப்பவும் சூடோ வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை.

தயவுசெய்து அந்தக் கோப்பைத் திருத்தவென்றே உள்ள விசூடோ கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது தற்காலிக நகலில் திருத்தவிட்டு, இலக்கணம் சரிபார்த்த பிறகே மூலக் கோப்பை மாற்றும். பிழை கண்டால் ‘இப்போது என்ன?’ என்று கேட்கும். அங்கே சிறிய ‘ஈ’ மீண்டும் திருத்தும், சிறிய ‘எக்ஸ்’ சேமிக்காமல் வெளியேறும், பெரிய ‘கியூ’ பிழையோடு சேமித்துவிடும். ‘அபாயம்’ என்று அதன் அருகிலேயே எழுதியிருந்தும், ‘கியூ’ என்றால் ‘குவிட்’தானே என்று அழுத்தியவர்கள் இருக்கிறார்கள். கைக்கருவியின் திரை விசைப்பலகையில், விசூடோ வழக்கமாகத் திறக்கும் ‘வி’ என்ற உரைத்திருத்தியோடு போராட வேண்டாம். யுஎஸ்பி விசைப்பலகை இணைத்து, எளிதான ‘நானோ’வைத் திருத்தியாக அமைத்துக்கொள்ளுங்கள்.

மூலக் கோப்பைத் தொடவே தேவையில்லை. ‘சூடோயர்ஸ்.டி’ அடைவில் தனிக் கோப்பு வைத்தால் போதும். ஆனால் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ அதை வாய்திறக்காமல் தாண்டிச் சென்றுவிடும். ஸ்டீம் டெக்கில் ஏற்கெனவே ‘வீல்’ என்ற கோப்பு அங்கே இருக்கிறது. கோப்புகள் ஆங்கில அகரவரிசையில் படிக்கப்படுவதாலும், பொருந்தும் விதிகளில் கடைசியானதே செல்லும் என்பதாலும், உங்கள் கோப்பின் பெயர் அதற்குப் பின்னால் வரவேண்டும். இரண்டு ‘இசட்’ முன்னால் போடுங்கள். இதை அறியாமல் விதி வேலைசெய்யவில்லை என்று மூலக் கோப்பைக் குத்திக் கிளறுபவர்களே பாதிப்பேர்.

கடவுச்சொல் கேட்காத உரிமையைக் குறிப்பிட்ட ஒரு கட்டளைக்கு, முழுப் பாதையோடு மட்டுமே கொடுங்கள். அந்தக் கட்டளை உங்கள் இல்ல அடைவிலுள்ள ஸ்கிரிப்ட்டாக, அதாவது கட்டளைகள் எழுதிய சிறு கோப்பாக இருக்கக் கூடாது. அதை நீங்களே திருத்த முடியும் என்றால், உங்கள் பெயரில் ஓடும் எதுவும் திருத்தும். திருத்தும்போது ரூட் உரிமையுள்ள இன்னொரு முனையச் சாளரம் திறந்தே இருக்கட்டும். புதிய சாளரத்தில் சூடோ வேலைசெய்வதைப் பார்த்த பிறகே அதை மூடுங்கள். மின்கலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், இதையெல்லாம் இரண்டு விழுக்காட்டில் செய்கிறார்கள்.

அந்த மாணவரின் கருவியை, ஒலியளவைக் குறைக்கும் பொத்தானைப் பிடித்தபடி மின்பொத்தானை அழுத்தி, மீட்பு யுஎஸ்பி வழியாகத் துவக்கினேன். அதன் இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ்ஸில், சூடோயர்ஸ் போன்ற அமைப்புக் கோப்புகள் இருக்கும் ‘ஈடிசி’ அடைவின் மாற்றங்கள் ‘வார்’ பிரிவிலுள்ள தனி அடுக்கில் தங்குகின்றன. அங்கிருந்த சூடோயர்ஸ் நகலின் அனுமதியை 0440க்குத் திருப்பியதும் சூடோ எழுந்துவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தது மின்விசிறி வேகத்தை மாற்றும் ஒரே ஒரு ஸ்கிரிப்ட். அதை ரூட்டுக்குரிய அடைவுக்கு மாற்றி, ‘இசட்’ இரண்டில் தொடங்கும் கோப்பில் ஒரு வரியை விசூடோவில் அவரையே எழுதவைத்தேன். முதல் முறை ஒரு முக்காற்புள்ளி தவறியது, ‘இப்போது என்ன?’ என்ற கேள்வி வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிறிய ‘ஈ’யை அழுத்தினார்.