செமாண்டிக்ஸ்: பொருண்மையியல்

சொல்லும் தொடரும் எப்படிப் பொருள் தருகின்றன, உலகில் உள்ளவற்றை எப்படிச் சுட்டுகின்றன என்று ஆராயும் துறை செமாண்டிக்ஸ். வாதங்களில் 'அது வெறும் செமாண்டிக்ஸ்' என்று ஒதுக்குவதும் உண்டு. அங்கே அதற்குச் சொற்சண்டை என்றே பொருள். இந்த வழக்கு துறைக்கு இழைக்கும் அநீதி என்பேன்.

கிரேக்கத்தில் 'சேமா' என்றால் குறி, அடையாளம். 'சேமாந்திகோஸ்' என்றால் குறித்துக் காட்டுவது. பிரெஞ்சு மொழியியலாளர் மிஷேல் பிரேயால் 1883இல் இதைத் துறைப்பெயராக்கினார். 1897இல் அத்துறைக்கென ஒரு நூலும் எழுதினார்.

தமிழில் இதற்கு வழங்கும் பெயர் பொருண்மையியல். அதன் வேர் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பெயரியலின் முதல் நூற்பா 'எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே' என்கிறது. அடுத்த நூற்பா இன்னும் நுட்பமானது: பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும் சொல்லாலேயே ஆகும் என்கிறது. 'மரம் வளர்கிறது' என்றால் சொல்லைக் கடந்து நிற்கும் பொருள் தெரிகிறது, அது பொருண்மை. 'மரம் என்பது மூன்றெழுத்து' என்றால் சொல்லே தெரிகிறது; அது சொன்மை. எழுத்து எண்ணிக்கை நிற்கும் மரத்துக்கு இல்லையே! மேலைத் தருக்கவியல் இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் வலியுறுத்திய வேறுபாடு இது.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 'பொருள்' என்ற சொல் நமக்குக் கருத்தையும் குறிக்கிறது, கண்முன் இருக்கும் பண்டத்தையும் குறிக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தாக வேண்டும் என்று 1892இல் காட்டியவர் ஜெர்மானியர் காட்லோப் ஃபிரேகெ. அவருடைய எடுத்துக்காட்டு, விடியலில் தெரியும் விண்மீனும் அந்தியில் தெரியும் விண்மீனும். இரண்டும் வெள்ளி என்ற ஒரே கோள்தான். ஆனால் அது வானத்தைக் கவனித்து அறிய வேண்டிய செய்தி. பெயர்களின் கருத்தை மட்டும் அறிந்தவருக்குத் தெரியாது. (விடிவெள்ளி, அந்திவெள்ளி என்று சொல்லும் தமிழில் பெயர்களே விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.) எண்களில் பார்த்தால், 'நூற்றில் பாதி', 'நாற்பத்தொன்பதுக்கு அடுத்தது' ஆகிய இரண்டும் சுட்டுவது ஐம்பதையே; சுட்டும் வழி வேறு. எனவே துறைசார்ந்து எழுதும்போது சுட்டும் வழியைக் 'கருத்து' என்றும், சுட்டப்படுவதைச் 'சுட்டுப்பொருள்' என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

'சொற்பொருளியல்' என்றும் எழுதுகிறார்கள். தொடர்களின் பொருளும் இத்துறையில் அடங்குவதால் அது போதாது. 'பொருளியல்' பொருளாதாரத்தோடு குழம்பும். கணினித் துறையின் 'செமாண்டிக் தேடல்' என்பதற்குப் 'பொருள்வழித் தேடல்' பொருந்தும்.