கண்டி டவுனின் பழைய கடைகளும் சீமெந்துப் பூச்சும்

கண்டி டவுனில் கடை வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் ஒரே மாதிரிக் காரணங்களுக்காகத்தான். சுவரில் ஈரம் ஏறுகிறது, பெயின்ட் பொருக்காக உரிகிறது, மேல்மாடிப் பலகை ஆடுகிறது. போய்ப் பார்த்தால் முதலாளி கேட்கும் முதல் கேள்வியும் அநேகமாக ஒன்றுதான்: "சேர், இதை இடிச்சிட்டுப் புதுசாக் கட்டினா என்ன?"

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் சிவில் பொறியியலாளன் நான். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல், அவரை எதிர்ப்பக்க நடைபாதைக்குக் கூட்டிப் போய் அவருடைய கடையையே பார்க்கச் சொல்வேன். பெயர்ப்பலகையை அல்ல, அதற்கு மேலே. வளைவு வைத்த ஜன்னல், காற்றுப் போவதற்காக அதன் தலையில் பொருத்திய இரும்புப் பூவேலை, கடைந்தெடுத்த மரக்கால்கள் நிற்கும் மாடி விறாந்தை, கூரை ஓரத்தில் பூவெட்டிய வெலன்ஸ் பலகை. தினமும் அதே கதவைத் திறந்து மூடுகிறவர்கள்தான், ஆனால் இதையெல்லாம் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். பிளாஸ்டிக் போர்டு பாதி முகப்பை மூடியிருந்தால் பார்க்கத்தான் என்ன இருக்கிறது!

தலதா வீதி, டி.எஸ். சேனாநாயக்க வீதி, கொட்டுகொடல்ல வீதி போன்ற நேர் வீதிகளை வெள்ளைக்காரன் போட்டான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வோர்ட் ஸ்ட்ரீட், ட்ரிங்கோமலி ஸ்ட்ரீட், காசில் ஸ்ட்ரீட் என்ற பழைய பெயர்கள்தான் அவனுடையவை. அரண்மனையிலிருந்து நேராகப் பிரிந்து போகும் வீதிகள் அரசர் காலத்திலேயே இருந்தன. வீதியோரத்து வீடுகள்தான் வேறு. 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 வருடம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்: சாதாரண சனம் வீட்டுக்கு ஓடு போடக் கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசக் கூடாது, ஒரு தளத்துக்கு மேல் கட்டவும் கூடாது. இன்று நாம் பழைய கடை என்று காட்டுகிற எந்தக் கட்டடத்தையும் எடுத்துப் பாருங்கள். ஓடு போட்டது, சுண்ணாம்பு பூசியது, மாடி வைத்தது. அரசர் காலத்துச் சட்டம் தடுத்த மூன்றும் ஒரே முகப்பில் இருக்கின்றன. ஒரு வியாபாரி அப்படிக் கட்ட முடிந்தது என்பதே ஆட்சி மாறியதற்கான அடையாளம்.

அந்த மாற்றம் 1815 மார்ச் 2 அன்று அரண்மனையின் அரசவை மண்டபமான மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தத்தோடு வந்தது. நாயக்க வம்சத்தின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அவன் வெட்டுவித்த வாவியும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் எல்லோருக்கும் தெரியும். அரசனின் நாயக்க உறவினர்கள் குடியிருந்த வீதி இன்னும் மலபார் வீதி என்ற பெயரோடு இருப்பதைக் கண்டித் தமிழர்களே பலர் கவனித்திருக்க மாட்டார்கள். 14ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியப் பாணியில் கல்லால் கட்டிய, நாத தெய்வத்தின் கோயிலான நாத தேவாலயம்தான் டவுனில் நிற்பவற்றுள் மிகப் பழையது. அதே வளாகத்தின் ஓரத்தில், 1843இல் வேலை தொடங்கிய புனித பவுல் கிறிஸ்தவ தேவாலயம் செங்கல் நிறத்தில் நிற்கிறது. பத்தினி தேவாலயத்தில் நம்முடைய கண்ணகி. இத்தனையும் சில நிமிட நடைக்குள்.

1820களில் கொழும்பு வீதி வந்தது, பிறகு கோப்பி வந்தது. மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்த நம் முன்னோர்கள் தோட்டங்களுக்குப் போனார்கள். அந்தத் தோட்டங்களுக்கு அரிசியும் துணியும் அனுப்பவும், துரைமாருக்குக் கடன் கொடுக்கவும் செட்டியார்களும் முஸ்லிம் வியாபாரிகளும் டவுனில் கடை போட்டார்கள். கீழே கடை, மேலே வீடு. 1867இல் ரயில் கண்டிக்கு வந்த பிறகுதான் பாரமான சாமான்கள் சுலபமாக மலையேறின. கட்டடத்தின் வயதை நான் கணக்குப் பார்ப்பதும் அங்கிருந்துதான்.

காணி உறுதிப் பத்திரம் தொலைந்து போயிருக்கும், மூன்று கை மாறியிருக்கும், முதலாளிக்குக் கட்டிய வருடம் தெரியாது. சரி, கூரையில் ஏறி ஓர் ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பார்ப்போம். வளைந்த நாட்டு ஓடு என்றால் காலம் சொல்வது கஷ்டம். தட்டையான கலிகட் ஓடு என்றால் அடிப்பக்கத்தில் முத்திரை இருக்கும். பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் இந்த வகை ஓட்டுக்கு மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஆகவே அந்த ஓடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. முதல் உலகப் போருக்குப் பிறகு அதே தொழிற்சாலைகள் கொமன்வெல்த் ட்ரஸ்ட் என்ற பெயருக்கு மாறின, முத்திரையும் மாறியது. மாடியைத் தாங்கும் இரும்பு உத்திரத்தில் டோர்மன் லோங் என்ற பெயர் புடைத்திருந்தால், 1875இல் தொடங்கிய இங்கிலாந்துக் கம்பனியின் சரக்கு அது. ஓடு மாற்றிப் போட்டதாகவும் இருக்கலாம் என்பதால் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு மூன்று ஒத்து வந்தால் வயது பிடிபட்டுவிடும். இந்த முத்திரை ஓடுகளைத்தான் கூரை மாற்றும்போது லொறியில் ஏற்றிக் குப்பை மேட்டில் கொட்டுகிறோம். அதற்குப் பதிலாக அஸ்பெஸ்டஸ் தகடு ஏறுகிறது. அதை வெட்டும்போது வரும் தூசு சுவாசப்பைக்குக் கேடு என்பது தனிக் கதை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் பார்த்தவரை இந்தக் கட்டடங்களை வயது கொல்வதில்லை. தண்ணீரும் சீமெந்தும் சேர்ந்துதான் கொல்கின்றன.

பழைய சுவர் என்பது கருங்கல்லோ கபுக் கல்லோ செங்கல்லோ, இடையில் சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. அடியில் ஈரம் தடுக்கும் படை கிடையாது. நிலத்திலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும், கட்டியவனுக்கும் அது தெரியும். ஏறிய ஈரம் சுண்ணாம்பின் நுண்துளைகள் வழியாக வெளியே வந்து காற்றில் காய்ந்துவிடும். அது நூறு வருடமாக நடந்துகொண்டிருந்தது. பிறகு ஒருநாள் பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது, மேசன் பாஸ் வந்து அதைக் கொத்திவிட்டுச் சீமெந்தால் மொழுகினார். முதல் வருடம் பளிங்கு மாதிரி இருக்கும். ஆனால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சீமெந்து முடிகிற உயரத்தைத் தேடி மேலே ஏறுகிறது. நான்கு அடி உயரத்துக்குப் பூசினால் ஐந்தாவது அடியில் உப்புப் பூக்கும். அங்கேயும் பூசினால் இன்னும் மேலே. அந்த உப்பு பளிங்காக இறுகும்போது செங்கல்லின் முகத்தையே பிளந்து தள்ளும். கடைசியில் ஈரம் மாடியின் மர உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தை எட்டும்.

பலா மரம் இலேசில் போகாது. ஆனால் ஈரச் சுவருக்குள் புதைந்திருக்கும் ஓரடி நுனி உக்கிப் போவதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. கீழே நின்று பார்த்தால் உத்திரம் கருங்காலிபோல் மினுங்கும். கறையானும் அங்கிருந்துதான் உள்ளே போகும். அடிக்கடி வருகிற வாதம் ஒன்று: "சீமெந்துதானே பலம்?" சுவரை விடப் பலமான பூச்சு சுவருக்குத் தேவையில்லை. இரண்டும் வெயிலுக்கும் மழைக்கும் ஒரே அளவில் அசையாததால் இடையில் வெடிப்பு விழுகிறது, மழைத் தண்ணீர் அந்த வெடிப்பில் இறங்கி உள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டு பருவ மழையும் தொடும் ஊர் இது.

இதில் எசல பெரஹரவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஊர்வலம் வருவதற்கு முன் வீதியோரக் கடைகள் முகப்புக்குப் பெயின்ட் அடிப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அடிப்பது கழுவக்கூடிய பிளாஸ்டிக் பெயின்ட். வருடா வருடம் ஒரு படை ஏற, சுவர் பொலித்தீன் பைக்குள் அடைபட்டுவிடும். சுண்ணாம்பு வெள்ளையோ காற்றுப் போகும் சிலிக்கேற் பெயின்டோ அடித்தால் அந்தச் சிக்கல் இல்லை. சிலிக்கேற் விலை கூடத்தான், ஆனால் பெயின்ட் உரிந்து திரும்பத் திரும்ப அடிக்கும் செலவைக் கணக்குப் பார்த்தால் அது அதிகம் இல்லை.

பெரஹர இரவில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வேறு. மாடி விறாந்தை. ஒரு குடும்பம் மாலையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கக் கட்டிய இடம் அது. அன்றைக்கு அங்கே கதிரை போட்டு உறவுக்காரர், வாடிக்கையாளர், காசு கொடுத்து வந்த உல்லாசப் பயணிகள் என்று நெருக்கி உட்காருவார்கள். யானை வரும்போது எல்லோரும் ஒன்றாக எழுந்து கம்பி ஓரத்துக்குச் சாய்வார்கள். அதாவது உத்திரத்தின் வெளி நுனிக்கு, மழை நேராக அடிக்கிற பகுதிக்கு, முழுப் பாரமும் ஒரே நொடியில் போகும். மற்ற நாட்களில் அதே மாடியில் துணிக்கட்டும் சீனி மூட்டையும் அடுக்கியிருக்கும். வருடத்துக்கு ஒரு தடவையாவது உத்திரத்தின் நுனியில் கூரான ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த விறாந்தையில் ஒருவரையும் ஏற்றாதீர்கள். பலகை புதிதாக இருக்கிறது என்பது ஆறுதல் அல்ல, பலகையை மாற்றியவர் உத்திரத்தைப் பார்க்காமல் போயிருக்கலாம்.

முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியதும் இல்லை. உக்கிய நுனியை மட்டும் வெட்டி, புது மரத்தைப் பொளி வைத்து இணைத்து, இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத இரும்புப் பட்டை போட்டு போல்ட் பண்ணலாம். சுவருக்குள் போகிற இடத்தில் மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் காற்றிடம் விட வேண்டும். தச்சன் பாஸுக்கு இது தெரியாத வேலை இல்லை, யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

அப்புறம் சட்டம். "தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரிஞ்சா கட்டடத்தை எடுத்துடுவாங்க" என்ற பயத்தில், போயா விடுமுறையோடு சனி ஞாயிறு சேர்ந்து வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு இரவோடிரவாக உடைக்கிறார்கள். அவசரத்தில் பக்கத்துக் கடையோடு பொதுவாக இருக்கும் சுவரும் சேர்ந்து வெடிக்கிறது. உண்மை நிலை என்ன? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னத்துக்கு முதலில் வைத்த எல்லை 1815 மார்ச் 2. கண்டி விழுந்த அதே நாள். ஆக நாத தேவாலயம் தானாகவே உள்ளே வரும். கோப்பிக் காலத்துக் கடையை வர்த்தமானியில் தனியாக அறிவித்தால்தான் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். அதற்காக மற்றக் கடைகளை என்னவும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. கண்டி 1988இலிருந்து யுனெஸ்கோ உலக மரபுரிமை நகரம். மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகாரசபையும் பழைய டவுனுக்குள் முகப்பையும் உயரத்தையும் கவனித்தே அனுமதி தருகின்றன. என் அனுபவத்தில், இருந்ததை இருந்தபடி பழுதுபார்க்கப் போகிறவருக்கு மறுப்பு வருவது அரிது. முகப்பை இடிக்கவோ இன்னொரு மாடி ஏற்றவோ கேட்கும்போதுதான் கோப்பு நகராது. அளவெடுத்த வரைபடமும் நல்ல படங்களும் கையில் இருந்தால் பாதித் தாமதம் குறையும்.

கட்டடச் சொந்தக்காரர்களின் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்குள் மாட்டிய பழைய கடைகளில் சொந்தக்காரருக்குக் கிடைக்கும் வாடகை கூரைத் தண்ணீர் ஓடும் ஒரு பீலியை மாற்றவும் போதாது. குடியிருப்பவர் கீ மணி என்று கடையைப் பிடிக்க முன்கூட்டியே ஒரு தொகை கொடுத்து வந்தவர், அவரும் தன் கைக்காசைக் கூரைக்குப் போட மாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் மழை ஒழுகுகிறது. இதற்கு என்னிடம் பொறியியல் தீர்வு இல்லை. ஆனால் பீலி துப்புரவாக்கும் செலவை இருவரும் பாதிப் பாதியாக ஏற்கும்படி எழுத்தில் ஓர் உடன்பாடு வைத்திருக்கும் கடைகள் மற்றவற்றை விட நல்ல நிலையில் நிற்பதைக் கண்ணால் பார்க்கிறேன்.

சுண்ணாம்புக்குத் தூரம் போக வேண்டியதில்லை. திகன, மாத்தளைப் பக்கத்து டொலமைட் கல்லைச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. தண்ணீரில் ஊறவிட்டுச் சில வாரமாவது மூடி வைத்த பிறகே சாந்துக்கு எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் பூச்சில் கொப்புளம் வெடிக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் அது இறுகும் என்பதால் மெல்லிய படைகளாக, ஒவ்வொன்றுக்கும் நாட்கள் விட்டுப் பூச வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையான காய்ந்த மாதங்கள்தான் அதற்குத் தோது. பெரஹரவுக்கு முகப்புத் தயாராக இருக்க வேண்டுமானால் அதற்குள் கூப்பிடுங்கள். ஜூன் மாத மழையில் கூப்பிட்டால், பீலியைத் துப்புரவாக்கி ஒழுக்கை நிறுத்தித் தருவேன், பூச்சு அடுத்த வருடம்தான்.