கியூ: வாலா, கோலா?

என் தங்கை மகனுக்குப் பதினேழு வயது. மொரீசியஸில், ரோஸ் ஹில் ஊரில் ஒரு மாடிக் கூடத்தில் ஸ்னூக்கர் பழகுகிறான், மேசைமேல் கோலால் பந்தடிக்கும் ஆட்டம். போன மாதம் கத்ர் போர்னில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "பாட்டி, மாமாவோட போய் ஒரு 'லா கே' வாங்கப் போறேன்" என்றான். ஸ்னூக்கர் கோலைத்தான் சொன்னான்; கூடத்தில் பிரெஞ்சு பேசும் பெரியவர்களோடு ஆடுவதால் அந்தச் சொல்தான் அவன் வாயில் வருகிறது. என் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல், "கி லாகே?" என்று கேட்டார். எந்த வால், எதன் வால் என்று அர்த்தம். பையன் சிரித்துவிட்டான். எனக்கு மட்டும், அம்மா கேட்டது சரியான கேள்விதான் என்று பட்டது.

மொரீசியஸ் கிரியோலில் வாலுக்கு 'லாகே' என்று பெயர். பிரெஞ்சில் 'கே' என்றால் வால். அதை எழுத்தில் சரியாகக் காட்ட முடியாது. கேவுக்கும் கோவுக்கும் நடுவில், உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டிய ஒலி அது. முன்னால் வரும் 'லா' வெறும் சுட்டு. ஆனால் கிரியோல் அந்தச் சுட்டையும் சொல்லோடு ஒட்டவைத்து ஒரே சொல்லாக்கிக்கொண்டது. வீட்டை 'லாகாஸ்' என்பதும் தண்ணீரை 'திலோ' என்பதும் இதே கதைதான். ஆக, பாட்டி சொன்ன லாகேயும் பேரன் சொன்ன லா கேயும் ஒரே சொல். அதே சொல் ஆங்கிலேயர் வாயில் புகுந்து வந்ததுதான் நாம் சொல்லும் 'கியூ'.

ஸ்னூக்கர் கோலுக்கு ஏன் வால் என்று பெயர் வந்தது? 17ஆம் நூற்றாண்டில், ஸ்னூக்கருக்கு மூத்த ஆட்டமான பில்லியர்ட்ஸ் ஆடியவர்கள் இன்று போல மெல்லிய கோலால் பந்தைக் குத்தவில்லை. 'மேஸ்' என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். நீளமான பிடி, நுனியில் கனத்த மரத்தலை. அந்தத் தலையைப் பந்துக்குப் பின்னால் வைத்துத் தள்ளுவார்கள். பந்து மேசை ஓரத்தோடு ஒட்டி நின்றுவிட்டால் சிக்கல், அந்தப் பருத்த தலை அங்கே நுழையாது. அப்போது மேஸைத் திருப்பிப் பிடித்து, மெலிந்த பின்முனையால், அதாவது வாலால், தட்டினார்கள். அப்படித் தட்டினால் குறி இன்னும் துல்லியமாக விழுகிறது என்று தெரிந்ததும் தலையை எறிந்துவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெயரும் வாலோடு நின்றுவிட்டது.

பில்லியர்ட்ஸ் என்ற சொல்லே முதலில் கோலின் பெயர்தான் என்பது இதைவிட வேடிக்கை. பழைய பிரெஞ்சில் 'பில்' என்றால் மரக்கட்டை. அதிலிருந்து வந்த 'பில்லார்' பந்தை அடிக்கும் வளைந்த கோலைக் குறித்தது. கோலின் பெயரை ஆட்டம் எடுத்துக்கொண்டது. பெயரை இழந்த கோலுக்கு வால் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'கௌடா' என்று இருக்கிறது, அதற்கும் வால் என்றே பொருள். பிரெஞ்சுக்காரர்கள் ஆள் வரிசையையும் கே என்கிறார்கள். கடை வாசலில் தொடங்கித் தெருவரை நீளும் வரிசை வால் மாதிரிதானே. ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்த ஒரு சொல் இரண்டு எழுத்துக்கூட்டலாகப் பிரிந்தது: வரிசைக்கு ஒன்று, கோலுக்கு ஒன்று. தமிழில் எழுதும்போது இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன. "கியூவில் நிற்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் ரொட்டிக் கடையில் நிற்கிறாரா, ஸ்னூக்கர் மேசை அருகில் நிற்கிறாரா என்று இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நாடக மேடையில் நடிகருக்குக் கொடுக்கும் குறிப்பையும் ஆங்கிலத்தில் கியூ என்பார்கள். அது வேறு வழியில் வந்த சொல்லாகக் கருதப்படுகிறது, இந்த வாலோடு முடிச்சுப் போட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு 'கே' நம் காதில் 'கோ' போல விழுவதால், "கோல் என்ற தமிழ்ச்சொல்தான் பிரான்ஸ் போய்க் கே ஆனது" என்று மேடையில் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு. கைதட்டும் கிடைக்கும். கௌடா எப்படிக் கே ஆனது என்பதற்குப் படிப்படியாகச் சான்று இருக்கும்போது இந்த வேலை நமக்கு வேண்டாம். கோல் நல்ல சொல் என்று காட்ட அதற்கு ஒரு பிரெஞ்சுப் பேத்தியைத் தேட வேண்டியதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பேச்சில் பலரும் 'ஸ்டிக்' என்றோ குச்சி என்றோ சொல்லி முடித்துவிடுகிறார்கள். குச்சி அடுப்புக்கும் பல்லுக்கும் சரி. தடி அடிக்கப் போகும் ஆளின் கையில் இருப்பது. கம்பு வயலுக்கு, சிலம்பத்துக்கு. கழி நீளத்தைச் சொல்லும், நேர்த்தியைச் சொல்லாது. கோல் அப்படி இல்லை. ஒரு வேலைக்கென்று தேர்ந்தெடுத்து, சீவி, நேராக்கிய மரத்துக்குத்தான் பெரும்பாலும் கோல் என்று பெயர்: எழுதுகோல், ஊன்றுகோல், அளவுகோல். அந்த வரிசையில் வரும் வேறு இரண்டு சொற்கள் கடையில் கோல் பார்க்கும்போது உண்மையாகவே எனக்கு உதவின.

முதலாவது செங்கோல். இதைச் சிவப்புக் கோல் என்று நினைக்கும் மாணவர்கள் என் வகுப்பில் ஆண்டுதோறும் இருப்பார்கள். இங்கே செம்மை என்பது நேர்மை, வளையாமை. எதிர்ச்சொல் கொடுங்கோல். கொடுமை என்பதற்கு வளைவு என்றும் பொருள் உண்டு. அரசன் கையில் இருந்தது நேரான கோலா வளைந்த கோலா என்பதுதான் அந்த இரண்டு சொற்களுக்கும் அடியில் இருக்கும் படம்.

கடையில் பையன் முதலில் செய்தது, எல்லோரும் செய்வதையே. கோலை மேசைமேல் உருட்டினான். அது தடக்கென்று துள்ளியது. "மாமா, வளைஞ்சிருக்கு" என்று கீழே வைக்கப் போனான். வளையவில்லை. ஸ்னூக்கர் கோலின் அடிப்புறத்தில் ஒரு பக்கத்தைச் சீவித் தட்டையாக்கி, செய்தவரின் பெயர்த்தகட்டைப் பதித்திருப்பார்கள். உருளும்போது அந்தத் தட்டைப் பக்கம் வந்தால் எந்தக் கோலும் துள்ளும். கண்தான் இதற்குக் கருவி. அடியைக் கன்னத்தோடு வைத்து, ஒரு கண்ணை மூடி, நுனிவரை நீளப் பார்வை பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திருப்ப வேண்டும். நேரான கோலில் ஓரக்கோடு எந்தப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கும். வளைந்த கோலில் நுனி ஒரு சிறு வட்டம் போடும். செங்கோலா கொடுங்கோலா என்பது அந்த ஒரு சுற்றில் தெரிந்துவிடும்.

இரண்டாவது துலாக்கோல், அதாவது தராசின் கோல். சீர்தூக்குதல் என்ற சொல்லும் அந்தக் குடும்பம். ஸ்னூக்கர் கோலை ஒரு விரலில் குறுக்கே கிடத்தி, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அடிமுனையிலிருந்து ஏறத்தாழ 16 முதல் 18 அங்குலத்துக்குள் அது அமைவது வழக்கம். அந்த இடம் நுனிப் பக்கம் தள்ளியிருந்தால் முன்பக்கம் கனக்கும், அடிப்பக்கம் தள்ளியிருந்தால் நுனி மிதப்பதுபோல் இருக்கும். எடை என்னமோ பொதுவாக 17 முதல் 19 அவுன்ஸ், சுமார் அரைக் கிலோதான். ஆனால் ஒரே எடையுள்ள இரண்டு கோல்கள் கையில் வேறு வேறாகப் படுவதற்கு இந்தச் சமநிலைப் புள்ளிதான் காரணம். எடைச்சீட்டைப் படித்து வாங்குகிறவர்கள் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டுமே. நுனியில் இருக்கும் பித்தளை வளையத்துக்குப் பிரெஞ்சில் 'விரோல்' என்பார்கள். நாம் யோசிக்கவே வேண்டாம், பூண் என்ற சொல் இருக்கிறது. உலக்கையின் முனை பிளக்காமல் இருக்க என்ன போட்டார்களோ அதே வேலைதான் இதற்கும். பூணுக்கும் மரத்துக்கும் நடுவே நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டக் கூடாது. அதன்மேல் ஒட்டியிருக்கும் தோல் வட்டு 9 முதல் 10 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். தோல் வட்டைப் பொருத்தும் யோசனை 1800களின் தொடக்கத்தில் ஃபிரான்சுவா மிங்கோ என்ற பிரெஞ்சுப் படை கேப்டனுடையது, அதுவும் சிறையில் இருந்தபோது வந்தது என்று சொல்வார்கள். நுனித்தோல் என்றே சொல்லலாம். அது தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம், மலிவாக மாற்றிவிடலாம். மரத்தை மாற்ற முடியாது.

மரம் என்றதும் ஒரு மொழிபெயர்ப்பு விபத்து நினைவுக்கு வருகிறது. ஸ்னூக்கர் கோலின் தண்டு பெரும்பாலும் ஆஷ் மரத்தில் செய்வார்கள், சிலர் மேப்பிளை விரும்புவார்கள். ஆஷ் என்பதை 'சாம்பல் மரம்' என்று எழுதிய தமிழ்க் குறிப்பு ஒன்றை வகுப்பில் திருத்தியிருக்கிறேன். மரத்தின் பெயரும் சாம்பலும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி, அவ்வளவுதான். ஆஷ் என்றே எழுதிவிடலாம். அந்த மரத்தின் ரேகை அம்பு முனை போல, ஒன்றின்பின் ஒன்றாகத் தண்டின் முதுகில் ஓடும். மேப்பிளில் ரேகை அவ்வளவாகத் தெரியாது. அம்புகள் நடுவில் ஒழுங்காக வந்து, ஓரத்து வரிகள் நுனிவரை நேராக ஓடினால் நல்ல கட்டை. வரிகள் பாதியிலேயே பக்கவாட்டில் வழிந்து போனால், இன்று நேராக இருந்தாலும் அந்தக் கோல் நாளைக்கு வளையக்கூடியது.

அடிப்பக்கத்துக்குக் கருங்காலி, அதாவது எபனி. இந்தத் தீவுக்கு அந்த மரத்தோடு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1638இல் டச்சுக்காரர்கள் இங்கே குடியேறியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கருங்காலி. 1710இல் கடைசியாகப் போவதற்குள் நிறைய வெட்டி ஏற்றினார்கள். கடலோரத்தில் மிஞ்சிய கருங்காலிக் காட்டைப் பார்க்க இன்று இல் ஓ ஸேக்ரெத் என்ற சின்னத் தீவுக்குப் படகு ஏற வேண்டும். நாமோ காட்டிக்கொடுப்பவனுக்குக் கருங்காலி என்று பெயர் வைத்திருக்கிறோம். கோடரிக்குக் காம்பாகி, தன் காட்டையே வெட்டும் மரமாம்!

கருங்காலியும் ஆஷும் சேரும் இடத்தில்தான் கோலின் தரம் தெரியும். கையால் இழைத்துப் பொருத்தியதில், ஆஷ் தண்டின்மேல் நாக்கு போல ஏறும் நான்கு கருங்காலித் துண்டுகளும் மேலே மழுங்கலாக, வளைவாக முடியும். நான்கும் அச்சடித்ததுபோல் இருக்காது. இயந்திரத்தில் செய்தால் ஊசி முனையாக முடியும். இரண்டிலும் நன்றாக ஆடலாம். மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஒட்டே கிடையாது, பெயிண்ட் அடித்திருக்கும் அல்லது படம் ஒட்டியிருக்கும். பல வருடங்களுக்கு முன் தங்க நிற டிராகன் போட்ட அந்த மூன்றாவது வகையை ஆசையாக வாங்கியவன் நான். இங்கே வெயில் கொளுத்தும் ஜனவரி முழுக்கக் காரின் டிக்கியில் வைத்திருந்தேன். பிப்ரவரியில் எடுத்தபோது அதில் நாண் கட்டினால் வில்லாகியிருக்கும்.

இரண்டு துண்டாகக் கழற்றும் கோல் என்றால் மூட்டையும் பார்க்க வேண்டும். மாட்டி இறுக்கி, இரு விரலால் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டினால் ஒரே 'டொக்' கேட்க வேண்டும். உள்ளே 'கிணுகிணு' என்றால் வைத்துவிட்டு வாருங்கள். நீளம் 57, 58 அங்குலம் வழக்கம். மூன்று அடிக்குக் குறையக் கூடாது என்பது விதி.

இனி முழுப்பெயர். எழுதுகோல் போல வினைத்தொகையாக 'உந்துகோல்' என்று வைத்துப் பார்த்தேன். ஸ்னூக்கரில் பந்தை உந்தித் தள்ளினால் ஃபௌல், ஆகவே அது மேஸுக்குத்தான் பொருந்தும். 'ஆடுகோல்' அழகாக இருக்கிறது, ஆனால் ஆடுகிற கோலை யார் வாங்குவார்கள்? 'பந்துக்கோல்' என்று வைத்துக்கொண்டேன். மேசை அருகில் நிற்கும்போது வெறும் கோல் போதும். ஆட்டத்தின் பெயர் ஸ்னூக்கர் என்றே இருக்கட்டும். அதன் விதிகள் 1882இல் உதகமண்டலத்து கிளப்பில் முறைப்பட்டவை என்ற வகையில் அது நமக்கு அரை உறவு.

பையன் கடைசியில் டிராகன் இல்லாத, மூட்டு உள்ள ஒரு கோலை வாங்கினான். எட்டாத பந்துக்காக அதன் அடியில் திருகி மாட்ட ஒரு நீட்டுத் துண்டும் கூடவே வந்தது. அதற்குத் தமிழில் என்ன என்று கேட்டான். நான் யோசிப்பதற்குள், "வால்னு வச்சுக்கலாமா மாமா?" என்றான். பின்னால் மாட்டுவது, நீளுவது. வைத்துக்கொள் என்றேன்.