பயங்கரவாதியைத் தீவிரவாதி ஆக்கியவர்கள்

வெளிநாட்டு அரசியல் த்ரில்லர்கள் தமிழ் பேச ஆரம்பித்ததிலிருந்து ஒரு சொல் காதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. ரயில் நிலையத்தில் குண்டு வெடிக்கிறது. உளவுத்துறை அதிகாரி கோட்டைச் சரிசெய்துகொண்டு, “இது தீவிரவாதிகளின் வேலை” என்கிறார். அடுத்த காட்சியில், அரசை எதிர்த்துக் கட்டுரை எழுதும் பேராசிரியர் ஒருவரின் படத்தைச் சுவரில் ஒட்டி, “இவரும் தீவிரவாதிதான்” என்கிறார். மூலத்தில் அதிகாரி சொன்னவை இரண்டு வேறு சொற்கள். முதலாவது டெரரிஸ்ட், இரண்டாவது எக்ஸ்ட்ரீமிஸ்ட். அந்தப் பேராசிரியர் சிறைக்குப் போவாரா மாட்டாரா என்பதுதான் மீதிக் கதை முழுவதும். மொழிபெயர்ப்பாளரோ பத்தாவது நிமிடத்திலேயே அவரை உள்ளே தள்ளிவிட்டார்.

டெரரிசம் என்பதற்குத் தமிழ் பயங்கரவாதம். தீவிரவாதம் என்பது எக்ஸ்ட்ரீமிசத்துக்கு உரியது. எத்தனை முறை சொன்னாலும் யார் காதிலும் ஏறுவதில்லை என்பதால் விளக்கமாகவே எழுதிவிடலாம்.

வேர்க்கதை சிறியது. ‘அச்சுறுத்து’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது டெரர். அதற்கு ‘இசம்’ ஒட்டியது பிரெஞ்சுப் புரட்சியின்போது. 1793 செப்டம்பரில் பாரிஸில் ‘சந்தேகத்துக்கு உரியோர் சட்டம்’ வந்தது. பேச்சு, நட்பு, உறவு எதை வைத்தும் ஒருவரைப் பிடித்து அடைக்கலாம். அடுத்த சில மாதங்களில் ஏறக்குறைய 17,000 பேர் தீர்ப்பின் பேரில் கொல்லப்பட்டார்கள். 1794 ஜூலையில், அந்தப் புரட்சி அரசின் முக்கியத் தலைவரான ரோபஸ்பியரின் தலையும் உருண்ட பிறகு, அவருடைய ஆட்களை வசைபாடப் பிறந்த பெயர்தான் டெரரிஸ்ட். 1795இல் பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் அதை ஆங்கிலத்தில் எழுதினார். ஆக, இந்தப் பெயரை முதலில் சுமந்தவர்கள் ஒளிந்திருந்து குண்டு வைத்தவர்கள் அல்லர். நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள். த்ரில்லர் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நல்ல அரசியல் த்ரில்லரில் முதல் பாதியில் குண்டைக் கண்டு பயப்படுவோம், இரண்டாம் பாதியில் குண்டைத் தேடி வருகிறவரைக் கண்டு பயப்படுவோம்.

தமிழில் பயங்கரம் என்பது பயத்தை உண்டாக்குவது. பயம், அதைச் செய்வது என்ற பொருளில் ‘கர’, அவ்வளவுதான். லத்தீன் வேரும் இதைத்தான் சொல்கிறது. இரண்டு மொழிகள் இவ்வளவு ஒட்டிப் பொருந்துவது அபூர்வம். கையில் கிடைத்ததை வீசிவிட்டு வேறொன்றைப் பொறுக்கியிருக்கிறோம். பின்னால் வரும் ‘வாதம்’ எனக்கு உவப்பில்லை. டெரரிசம் ஒரு கொள்கை இல்லை, ஒரு வழிமுறை. இடதும் செய்யும், வலதும் செய்யும், மதமும் செய்யும், அரசும் செய்யும். வாதம் என்றதும் அது ஒரு தத்துவம் போலத் தோன்றிவிடுகிறது. (முடக்குவாதத்தில் வருவது வேறு வாதம், ஆனால் அந்தப் பொருள் இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது.) இந்தக் குறை இரண்டு சொல்லுக்கும் பொது என்பதால் விட்டுவிடுவோம்.

இனி தீவிரம். கூர்மை, கடுமை, மும்முரம் என்பது பொருள். காய்ச்சல் தீவிரமாகும். மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டு. தீவிர வாசகர் என்று சொன்னால் புத்தகப் பிரியர் மகிழ்ந்து போவார். இந்தச் சொல்லுக்குள் எங்கே துழாவினாலும் பயம் கிடைக்காது, கொலை கிடைக்காது, குண்டு கிடைக்காது. ஒரு கருத்தை விளிம்புவரை பிடிப்பவர் தீவிரவாதி. அவர் வாழ்நாளில் ஓர் எறும்பைக்கூட மிதித்திருக்க வேண்டியதில்லை.

இதற்குச் சாட்சி வெளியே தேட வேண்டாம், பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. 1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் உடைந்தது. ஒரு பக்கம் கோகலேயின் மிதவாதிகள், மறுபக்கம் திலகரின் தீவிரவாதிகள். திலகர் பக்கம் நின்றவர்களில் வ.உ.சி.யும் பாரதியும் உண்டு. தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்த பிள்ளை மாலையில் செய்தியைப் போட்டால், ‘தீவிரவாதிகள் சுட்டுக்கொலை’ என்று ஓடுகிறது. கப்பல் விட்டவருக்கும் கடத்தியவருக்கும் ஒரே பட்டம். பிள்ளை எதை நம்பும்? இந்தக் குழப்பத்துக்குப் பயந்து பலர் இப்போது பாடநூல் சொல்லைத்தான் மாற்றுகிறார்கள். ‘தீவிர தேசியவாதிகள்’ என்று நீட்டுகிறார்கள். தப்பு செய்த சொல் சொகுசாக இருக்கிறது, சரியான சொல் வீட்டைக் காலிசெய்கிறது.

‘வழக்கில் வந்துவிட்டது, விடுங்கள்’ என்பார்கள். வழக்கில் வந்த எல்லாவற்றையும் நான் எதிர்ப்பவன் அல்லன். த்ரில்லர் என்றே இதுவரை எழுதியிருக்கிறேன், யாரும் பொருள் தெரியாமல் தவிக்கவில்லை. ஆனால் ஒரு வழக்கு, இருந்த வேறுபாட்டை அழிக்கிறது என்றால் அது நஷ்டம். “அவர் எக்ஸ்ட்ரீமிஸ்ட்தான், டெரரிஸ்ட் இல்லை” என்று நீதிமன்றக் காட்சியில் வழக்கறிஞர் வாதாடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய வழக்கின்படி தமிழில் எழுதிப் பார்த்தால், “அவர் தீவிரவாதிதான், தீவிரவாதி இல்லை.” வழக்கறிஞருக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

இன்னொரு தரப்பு, பயங்கரம் நீர்த்துப்போய்விட்டது என்கிறது. ‘பயங்கர அழகு’, ‘பயங்கரமா சிரிச்சோம்’ என்று பேசுகிறோமே, அந்தச் சொல்லில் இன்னும் என்ன பயம் மிச்சம் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் தீவிரம் மட்டும் கெட்டியாக இருக்கிறதா? தீவிர ரசிகர், தீவிர ஆலோசனை, தீவிர தேடுதல் என்று அதையும் தண்ணீர் ஊற்றித்தான் வைத்திருக்கிறோம். செய்தியறையில் சொல்லப்படும் காரணம் இதையெல்லாம்விட எளியது. பயங்கரவாதிக்கு ஏழு எழுத்து, தீவிரவாதிக்கு ஐந்து. தலைப்பில் இரண்டு எழுத்து மிச்சம்.

சட்டத்தில் இந்தச் சிக்கனம் செல்லாது. இலங்கையில் 1979இல் வந்தது பயங்கரவாதத் தடைச் சட்டம். ஈழத் தமிழர் அதை வேறு பெயரில் சொல்லிக் கேட்டதில்லை, அந்தச் சொல்லின் எடை அவர்களுக்கு உடம்பில் தெரியும். இந்தியாவில் 1985இல் தடா, 2002இல் பொடா, இரண்டின் முழுப்பெயரிலும் பயங்கரவாதம்தான். இரண்டும் போலீஸ் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்றன. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான ஊபாவில் 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, தனி நபர் ஒருவரையும் பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம். வழக்கு நடந்து தீர்ப்பு வர வேண்டும் என்று இல்லை. ஒரு சொல் ஒரு ஆளின் மேல் விழுந்தால் இவ்வளவு நடக்கும் என்னும்போது, கருத்துக் கடுமையைக் குறிக்கும் சொல்லை அந்த இடத்தில் வைப்பது யாருக்கு வசதி என்று யோசிக்க வேண்டும். கடுமையாகப் பேசுகிறவர், கொல்கிறவர் இருவருக்கும் நடுவே கோடு இருப்பதை விரும்பாத ஆட்சியாளர்களுக்கு இதைவிட நல்ல பரிசு கிடைக்காது. அதுவும் இலவசமாக.

தனித்தமிழ் அன்பர்கள் இரண்டுமே வடசொல் என்று முகம் சுளிப்பார்கள். உண்மைதான். அவர்களுக்கு என்னிடம் ஒரு சொல் இருக்கிறது: வெருட்டு. வெருவு என்றால் அஞ்சு, வெருட்டு என்றால் அஞ்சச் செய். திருக்குறளில் 57ஆம் அதிகாரத்தின் பெயரே ‘வெருவந்த செய்யாமை’. “வெருவந்த செய்தொழுகும் வெங்கோல னாயின் ஒருவந்தம் ஒல்லைக் கெடும்” என்று, குடிகளை வெருட்டி ஆளும் அரசனைத்தான் வள்ளுவர் அங்கே எச்சரிக்கிறார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை எண்ணும்போது “அணங்கே விலங்கே கள்வர்தம் இறை” என்று நான்கு சொல்கிறது. பேய், மிருகம், திருடன், நான்காவதாகத் தன்னுடைய அரசன். அரசியல் த்ரில்லருக்கு இதைவிடச் சுருக்கமாக இலக்கணம் எழுத முடியாது. ஈழத்துப் பேச்சில் ‘வெருட்டுறாங்கள்’ இன்றும் உயிரோடு இருக்கிறது. வெருட்டியம் என்றோ வேறெப்படியோ ஆக்கிக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். அதுவரை பயங்கரவாதம் போதும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னும் பாக்கி இருக்கிறது. த்ரில்லரைத் திகில் என்கிறார்கள். திகில் பேய்ப் படத்துக்கு, பாராளுமன்றத்தில் நடக்கும் சதிக்கு அல்ல. சிவில் லிபர்ட்டீஸ் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு குடியுரிமை என்று அடிக்கிறார்கள். குடியுரிமை பாஸ்போர்ட் சமாச்சாரம். “என் குடியுரிமையைப் பறிக்கிறீர்கள்” என்று, அதே நாட்டில் பிறந்து வளர்ந்த கதாநாயகி, தன் போனை ஒட்டுக்கேட்டதற்காகக் கத்துவதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா? குடிமைச் சுதந்திரம் என்று சொல்லலாம், சிவில் உரிமை என்றும் சொல்லலாம். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய அமைப்பு தமிழில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்றே வழங்குகிறது. சிவிலை அப்படியே விட்டவர் யாரோ, பொருள் தெரிந்தவர்.

நல்ல சொல்லே நம்மிடம் இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒட்டுக்கேட்பு இருக்கிறது, தடுப்புக் காவல் இருக்கிறது. அடைத்து வைத்த ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கும் ஹேபியஸ் கார்ப்பஸுக்கு ஆட்கொணர்வு மனு என்று ஒருவர் ஆக்கியிருக்கிறார். லத்தீன் தெரியாதவருக்கும் முதல் முறை கேட்டதும் விளங்கும். சந்தேகநபர் என்று ஈழத்து இதழ்கள் எழுதுகின்றன. இந்தப் பக்கமோ கைதான அன்றே ஆள் குற்றவாளி, குற்றம் குண்டு சம்பந்தப்பட்டது என்றால் நேரே தீவிரவாதி. டெரர் சஸ்பெக்ட் என்று திரையில் வந்தால் பயங்கரவாதச் சந்தேகநபர் என்று எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் சந்தேகநபர் மட்டும் போதும். குண்டு வெடித்ததை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.